ஐந்தரை மணி பலூன்

சித்தூரிலிருந்து வடக்கே கிளம்பும் பேருந்துகள் புத்தலப்பட்டில் பிரிந்துவிடும். சில பீலேரு, கடப்பா என்று நேரே போகும். சில வலப்பக்கம் ஒடித்துத் திருப்பதிச் சாலையைப் பிடிக்கும். சுற்றிலும் மாந்தோப்பு, பெரும்பாலும் தோத்தாபுரி. ஊரில் பாதி வாசலில் தமிழும் பாதி வாசலில் தெலுங்கும் கேட்கும். சில வாசல்களில் ஒரே வாக்கியத்தில் இரண்டும் கேட்கும். திருப்பதிச் சாலையில் பாகாலா பக்கம் கொஞ்ச தூரம் போனால் காதங்கி என்ற சிற்றூர் வரும். மலைகள் சூழ்ந்த அந்த ஊரில், ஒரு பெரிய மைதானம் அளவு இடத்தில் 1,024 ஆண்டெனாக்கள் வரிசையாக நிற்கின்றன. தேசிய வளிமண்டல ஆய்வகத்தின் ரேடார் அது. தலைக்கு மேலே பல கிலோமீட்டர் உயரத்தில் காற்று எந்தப் பக்கம், என்ன வேகத்தில் நகர்கிறது என்பதைத் தரையிலிருந்தபடியே பார்க்கும் கருவி.

அதே வளாகத்திலிருந்து மாலை ஐந்தரை மணியை ஒட்டி ஒரு பலூன் மேலே போகும். அதன் அடியில் தொங்கும் சின்னப் பெட்டி வெப்பம், ஈரப்பதம், அழுத்தம், காற்றின் போக்கு எல்லாவற்றையும் அளந்து வானொலி அலையில் கீழே அனுப்பிக்கொண்டே ஏறும். ஏற ஏறப் பலூன் உப்பும், கடைசியில் வெடிக்கும். ஐந்தரை என்பது யாரோ ஓர் அதிகாரி வசதிக்காக வைத்த நேரம் அன்று. உலகெங்கும் வானிலைப் பலூன்கள் கிரீன்விச் நேரப்படி நள்ளிரவுக்கும் நண்பகலுக்கும் பறக்க வேண்டும் என்பது ஏற்பாடு. எல்லா நாடுகளும் ஒரே கணத்தில் வானத்தை அளந்தால்தான் உலக வானிலைப் படத்தைப் பிசிறில்லாமல் வரைய முடியும். நம் கடிகாரத்தில் அது காலை ஐந்தரை, மாலை ஐந்தரை.

குடும்பம் நடத்தும் எந்தப் பெண்ணுக்கும் இந்த இரண்டு நேரத்தையும் விளக்க வேண்டியதில்லை. ஒன்று அடுப்பில் பால் ஏறும் நேரம். மற்றொன்று பிள்ளை பள்ளிக்கூடத்திலிருந்து வந்து பையை மூலையில் எறிந்துவிட்டு “பசிக்குது” என்று நிற்கும் நேரம்.

அறிவியலுக்கு ஒரு கடிகாரம், வீட்டுக்கு ஒரு கடிகாரம். இரண்டும் ஒரே நேரத்தில் மணியடித்தால் யார் எதற்கு ஓடுவது? இந்தக் கேள்வியை ஆண் விஞ்ஞானியிடம் யாரும் கேட்பதில்லை. பெண் விஞ்ஞானியிடம் பேட்டிக்குப் போகிறவர்கள் இரண்டாவது கேள்வியாகவே கேட்டுவிடுகிறார்கள்: “வீட்டையும் வேலையையும் எப்படிச் சமாளிக்கிறீங்க?”

இந்தியாவில் அந்த வானிலைக் கருவிகளை உருவாக்கியவர்களில் முதன்மையானவர் ஒரு பெண். பீர்மேட்டில் 1918-இல் பிறந்த அன்னா மணி. எட்டாவது பிறந்த நாளுக்கு வீட்டு வழக்கப்படி வைரத்தோடு தர வந்தபோது, அது வேண்டாம், கலைக்களஞ்சியம் வேண்டும் என்று கேட்டவர். சென்னை மாநிலக் கல்லூரியில் பட்டம், பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் சி.வி. ராமனிடம் ஆராய்ச்சி. வைரத்தை வேண்டாம் என்றவர் ஆராய்ந்தது வைரமும் மாணிக்கமும் ஒளியை எப்படி உமிழ்கின்றன என்பதை. ஐந்து கட்டுரைகள் வெளிவந்தன, ஆனால் எம்.எஸ்சி. இல்லை என்று முனைவர் பட்டம் தர மறுத்துவிட்டார்கள். 1948-இல் புனேயில் வானிலைத் துறையில் சேர்ந்து, வெளிநாட்டிலிருந்து வாங்கிக்கொண்டிருந்த கருவிகளை இங்கேயே செய்வதற்கான வரைபடங்களைத் தரப்படுத்தினார். கிட்டத்தட்ட நூறு கருவிகள். 1960-களில், பலூனில் கட்டி அனுப்பி ஓசோனை அளக்கும் கருவியும் அவர் குழுவின் கையிலிருந்து வந்தது. துறையின் துணைத் தலைமை இயக்குநராக 1976-இல் ஓய்வு பெற்றார்.

அன்னா மணி திருமணம் செய்துகொள்ளவில்லை. தாவரவியலாளர் ஜானகி அம்மாளும் செய்துகொள்ளவில்லை. காஸ்மிக் கதிர்களை ஆராய்ந்த பிபா சௌத்ரியும் அப்படியே. அந்தத் தலைமுறையில் பல பெயர்களைத் தொட்டால் இது வருகிறது. சிலருக்கு அது விருப்பமாகவே இருந்திருக்கலாம். அதை நாம் துக்கமாக்கிப் பேச வேண்டியதில்லை. ஆனால் அவர்களோடு வேலை பார்த்த ஆண்களில் ஆராய்ச்சிக்காகக் கல்யாணத்தைத் துறந்தவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்தால், விருப்பம் என்ற சொல்லின் எல்லை தெரிந்துவிடும்.

இரண்டையும் பிடித்துக்கொண்டவர்களும் இருந்தார்கள். கல்கத்தாவின் வேதியியலாளர் அசீமா சட்டர்ஜி 1944-இல் டி.எஸ்சி. பட்டம் பெற்றார், 1945-இல் திருமணம், 1947-இல் அமெரிக்கா பயணம். போகும்போது கையில் ஒரு வயதுகூட நிரம்பாத மகள். குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆயாவையும் கூடவே அழைத்துப் போனார். விஸ்கான்சின், கால்டெக், பிறகு ஸூரிக் என்று மூன்று ஊர் ஆய்வகங்களில் வேலை செய்துவிட்டுத் திரும்பி வந்தார். நம் வீட்டு வாசலில் பூக்கும் நித்திய கல்யாணியின் வேதிப்பொருள்கள் பற்றி அவர் செய்த ஆராய்ச்சி பேர் பெற்றது. குளத்தோரம் நாலு இலையோடு மிதக்கும் ஆரைக்கீரை வகையொன்றிலிருந்து வலிப்பு நோய்க்கு மருந்து வந்தது அவர் உழைப்பில்தான். 1961-இல் பட்நாகர் விருது வாங்கிய முதல் பெண். 1975-இல் இந்திய அறிவியல் மாநாட்டுக்குத் தலைமை தாங்கிய முதல் பெண் விஞ்ஞானி.

அவரைப் பற்றிய பாராட்டுகளில் அந்த ஆயாவுக்கு ஒரு வரிக்கு மேல் இடம் கிடைத்ததில்லை. ஆனால் கதையின் அச்சாணி அந்த ஆயாதான். குழந்தையோடு ஆராய்ச்சிக்குப் போன பெண் யாராக இருந்தாலும், அவருக்குப் பின்னால் இன்னொரு மனிதர் நிற்பார். மேரி க்யூரிக்கு அந்த மனிதர் மாமனார். மூத்த மகள் ஐரீன் 1897 செப்டம்பரில் பிறந்த சில நாள்களிலேயே மேரியின் மாமியார் இறந்துபோனார். மருத்துவரான மாமனார் யூஜின் க்யூரி மகன் வீட்டுக்கே வந்து, பேத்தியைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை எடுத்துக்கொண்டார். 1910-இல் சாகும் வரை அங்கேயே இருந்தார். ரேடியம் கண்டுபிடித்த வருஷங்களில் அந்த வீட்டில் தொட்டிலாட்டியவர் ஒரு தாத்தா. நம் ஊர் மாமனார்கள் திண்ணையில் உட்கார்ந்து பேப்பர் படிக்கும்போது இதையும் யாராவது வாசித்துக் காட்டலாம்.

பெண்ணின் உழைப்பு நோபல் வரை போனாலும், பத்திரிகைக்கு முதலில் கண்ணில் படுவது வீடுதான். அணுக்கருவின் அடுக்கு அமைப்பை விளக்கியதற்காக 1963-இல் மரியா கோப்பர்ட் மேயர் இயற்பியல் நோபல் பரிசு பெற்றபோது, அவர் ஊர்ப் பத்திரிகை ‘சான் டியேகோ அம்மாவுக்கு நோபல்’ என்று தலைப்புப் போட்டது. மறு வருஷம் டோரதி ஹாட்ஜ்கின் வேதியியல் பரிசு பெற்றார். பென்சிலினின், வைட்டமின் பி-12இன் உள்ளமைப்பைக் கண்டறிந்தவர், மூன்று பிள்ளைகளின் தாய். இங்கிலாந்துப் பத்திரிகைக்கு அவர் ‘ஆக்ஸ்ஃபோர்டு இல்லத்தரசி’.

மேயரின் கதையில் தலைப்பைவிட உறுத்தும் விஷயம் ஒன்று உண்டு. 1930-இல் கணவரோடு அமெரிக்கா வந்தவர் அவர். கணவர் வேதியியல் பேராசிரியர். கணவன் வேலை செய்யும் பல்கலைக்கழகத்தில் மனைவிக்கு வேலை தரக் கூடாது, அது சொந்தக்காரருக்குச் சலுகை காட்டுவதாகிவிடும் என்று அந்தக் காலத்தில் விதி. அதனால் ஜான்ஸ் ஹாப்கின்ஸிலும், பிறகு சிகாகோவிலும் அவர் பெரும்பாலும் சம்பளமில்லாமலே ஆராய்ச்சி செய்தார். நோபல் வாங்கித் தந்த வேலை, சிகாகோ பல்கலைக்கழகம் அவருக்குச் சம்பளம் தராத காலத்தது. முழுச் சம்பளத்தோடு பேராசிரியர் பதவி கிடைத்தது 1960-இல், ஐம்பது வயது தாண்டிய பிறகு.

அது அமெரிக்கா, பழைய காலம் என்று தள்ளிவிடலாம்தான். தர்ஷன் ரங்கநாதனின் கதை தெரியாதவரை.

டில்லியில் 1941 ஜூன் 4 அன்று பிறந்தவர் தர்ஷன். டில்லிப் பல்கலைக்கழகத்தில் வேதியியலில் முனைவர் பட்டம். மிராண்டா ஹவுஸ் கல்லூரியில் துறைத் தலைவர். பிறகு லண்டன் இம்பீரியல் கல்லூரியில், நோபல் பரிசு பெற்ற பார்ட்டனின் ஆய்வுக்கூடத்தில் மேல் ஆராய்ச்சி. அந்நாளில் ஓர் இந்திய வேதியியலாளருக்கு இதைவிட நல்ல சான்றிதழ் வேண்டியதில்லை. 1970-இல் சுப்பிரமணிய ரங்கநாதனை மணந்தார். அவர் கான்பூர் ஐ.ஐ.டி.யில் வேதியியல் பேராசிரியர். தர்ஷனும் கான்பூர் போனார்.

அங்கே கணவன், மனைவி இருவரும் ஆசிரியர்களாக இருக்க முடியாது என்று ஒரு விதி. எழுதப்பட்ட விதி அன்று, எழுதப்படாதது. எழுதிய விதியாக இருந்தாலாவது வழக்குப் போடலாம், திருத்தச் சொல்லலாம். எழுதாததை யாரிடம் போய்க் கேட்பது? 20 ஆண்டுகளுக்கு மேல், வருஷா வருஷம் ஏதாவதொரு ஆய்வு உதவித்தொகையின் பேரில்தான் தர்ஷன் அங்கே வேலை செய்தார். ஒரு முனைவர் இதற்கு எப்படித் தயாராவார் என்று யோசித்தால் கொஞ்சம் திகைப்பாக இருக்கும். உதவித்தொகை முடியும் முன்னே அடுத்ததற்கு விண்ணப்பம். நிரந்தர ஆசிரியருக்குத் தானாக வரும் மாணவர்களும் பதவி உயர்வும் இல்லை.

அந்த நிலையில்தான் அவர் இந்தியாவின் மிகச் சிறந்த கரிம வேதியியலாளர்களில் ஒருவரானார். உடலில் சேரும் அமோனியா என்ற நஞ்சை யூரியாவாக்கி வெளியேற்றும் சுழற்சியை ஆய்வகத்துக் குடுவையில் நடத்திக் காட்டினார். சிறிய புரதத் துண்டுகள் தாமாகவே ஒன்று சேர்ந்து குழாயாக, சுருளாக வடிவெடுக்கும் மூலக்கூறுகளை வடிவமைத்தார். கணவரோடு சேர்ந்து எழுதிய வேதியியல் புதிர்ப் புத்தகம் 1972-இல் வெளிவந்தது. 1991-இல் இந்திய அறிவியல் அகாடமியின் உறுப்பினர். 1990-களில் திருவனந்தபுரம் போய், 1998-இல் ஹைதராபாத் இந்திய வேதியியல் தொழில்நுட்பக் கழகத்தில் சேர்ந்து துணை இயக்குநரானார். ஒருவழியாக உரிய நாற்காலி. மூன்றே வருஷம். மார்பகப் புற்றுநோயால் 2001 ஜூன் 4 அன்று இறந்தார். அன்று அவருக்கு 60 வயது நிறைந்திருந்தது. அதே ஆண்டு கணவர் அவர் பெயரில் ஒரு நினைவுச் சொற்பொழிவை நிறுவினார். இரண்டு ஆண்டுக்கொரு முறை நடக்க வேண்டும். பேசுபவர் பெண் விஞ்ஞானியாக இருக்க வேண்டும்.

தர்ஷனின் வாழ்க்கையில் குடும்பம் குறுக்கே நின்றதா? கணவர் உடன் எழுதியவர், மனைவியின் வேலையை மதித்தவர். குறுக்கே நின்றது விதி. இந்த விஷயத்தைப் பேசும்போது நாம் அடிக்கடி தவறவிடும் இடம் இதுதான்.

2010-இல் இந்திய அறிவியல் அகாடமியும் பெங்களூரு தேசிய மேம்பட்ட ஆய்வுக் கழகமும் சேர்ந்து ஓர் ஆய்வை வெளியிட்டன. அறிவியலில் பயிற்சி பெற்ற பெண்களில் எவ்வளவு பேரை இழக்கிறோம், ஏன் என்பதே கேள்வி. அனிதா குருப்பும் இயற்பியலாளர் ரோஹிணி காட்போலேயும் அதில் முன் நின்றார்கள். முனைவர் பட்டம் பெற்ற 568 பெண்களிடம் கேட்டார்கள். கல்யாணம், குழந்தை, அதனால் விட்டுவிட்டார்கள் என்ற பதிலைத்தான் எல்லோரும் எதிர்பார்த்தார்கள். ஆராய்ச்சியை விட்ட பெண்களில் பலர் சொன்னது வேறு: தகுந்த வேலை கிடைக்கவில்லை. நேரத்தில் நெகிழ்வு தரும் நிறுவனம் இல்லை. வீடு காரணம் என்று சொன்னால் நிறுவனங்களுக்கு வசதி. பழி பெண்ணின் மாமியார் தலையோடு போய்விடும். (மாமியார் உத்தமி என்று இங்கே யாரும் சான்று கொடுக்கவில்லை.)

வீட்டுச் சுமை பொய்யும் அன்று. அரசு 2019-இல் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லாத வீட்டு வேலை செய்யும் இந்தியப் பெண் அதற்காக ஒரு நாளில் 299 நிமிடம் செலவிட்டாள். ஆண் 97 நிமிடம். 299 நிமிடம் என்றால் ஐந்து மணி நேரத்துக்கு ஒரே ஒரு நிமிடம் குறைவு.

அந்த ஐந்து மணி நேரம் எங்கிருந்து வருகிறது? தூக்கத்திலிருந்து. மங்கள்யான் திட்டத்தில் வேலை செய்த ரிது கரிதால், பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடம் சொல்லிக்கொடுத்துவிட்டு நள்ளிரவில் அலுவலக வேலையை எடுத்து உட்கார்ந்ததைச் சொல்லியிருக்கிறார். அதே திட்டத்திலிருந்த நந்தினி ஹரிநாத்தின் மகளுக்கு அப்போது பள்ளி இறுதித் தேர்வு. மகள் படிக்கத் துணையாக விடிகாலை நாலு மணிக்கு எழுந்திருந்தார். இரண்டையும் நாம் வெற்றிக் கதையாகத்தான் படித்தோம். செவ்வாய்க்குக் கலம் அனுப்பியது வெற்றிதான், சந்தேகமில்லை. ஆனால் தூக்கத்தைப் பறிகொடுத்ததையும் அந்த வெற்றிப் பட்டியலிலேயே சேர்த்துக் கைதட்டுகிறோம். அதுதான் ‘சமாளிப்பு’ என்ற சொல்லில் இருக்கும் சூது. சமாளிக்கிறவளைப் பாராட்டிவிட்டால், அவள் சுமையில் ஒரு பக்கம் கைகொடுக்க வேண்டிய கடமை நமக்கு இல்லாமல் போகிறது.

இனி புத்தலப்பட்டுக்கு வருவோம். கணக்குப் பார்க்க ஒரு பெண்ணை மனதில் வைத்துக்கொள்ளலாம், பெயர் வேண்டாம். அப்பாவுக்கு நாலு ஏக்கர் மாந்தோப்பு. பெண் திருப்பதியில் உயிர்வேதியியல் எம்.எஸ்சி. முடித்தாள். திருப்பதியில் படிப்புக்குப் பஞ்சமில்லை. வெங்கடேஸ்வரா பல்கலைக்கழகம் 1954-இலிருந்து இருக்கிறது. பெண்களுக்கென்றே ஸ்ரீ பத்மாவதி மகளிர் பல்கலைக்கழகம், என்.டி. ராமராவ் முதல்வராக வந்த 1983-இல் தொடங்கியது. மத்திய அரசின் அறிவியல் கல்வி, ஆராய்ச்சிக் கழகமான ஐசரும் ஐ.ஐ.டி.யும் 2015-இல் வந்தன. தெற்கே வேலூரில், குழந்தைகளைக் கொல்லும் ரோட்டா வைரஸ் வயிற்றுப்போக்கைப் பற்றி ஆராய்ந்த ககன்தீப் காங், 2019-இல் லண்டன் ராயல் சொசைட்டிக்குத் தேர்வானார். அந்தச் சங்கத்துக்குள் முதல் இந்திய ஆண் போனது 1841-இல். முதல் இந்தியப் பெண் போக 178 வருஷம் ஆனது.

நம் பெண்ணுக்கு எம்.எஸ்சி. முடியும்போது வயது 22. நெட் தேர்வு எழுதி ஜே.ஆர்.எஃப். உதவித்தொகை வாங்கி, கைடு கிடைத்து, பதிவு செய்யும்போது 24. பி.எச்டி. முடிய ஐந்தாறு வருஷம். 29 அல்லது 30. பிறகு வெளியூரிலோ வெளிநாட்டிலோ போஸ்ட்டாக், அது இல்லாமல் நல்ல இடத்தில் ஆசிரியர் வேலை கிடைப்பது அரிது. வேலையில் உட்காரும்போது 33, 34. வீட்டுக் கணக்கு வேறு: 24-இல் ஜாதகம் வெளியே போகும், 26-இல் கல்யாணம், 28-இல் குழந்தை. இரண்டு கணக்கும் மோதும் இடம் தீசிஸின் நான்காவது வருஷம்.

உறவினர் வீட்டுக் கல்யாணத்தில் பந்திக்குக் காத்திருக்கும்போது இப்படி நடக்கும்:

“என்ன பாப்பா, இன்னும் படிச்சிக்கிட்டேதான் இருக்கியா?”

“ஆமா சித்தி. இன்னும் ரெண்டு வருஷம்.”

“போன வருஷமும் இதையேதானேம்மா சொன்னே!”

சித்தி கேட்பதில் தப்பில்லை. ரெண்டு வருஷம் ஏன் தீரவே மாட்டேன் என்கிறது என்று எந்த வெளியாளுக்கும் புரியாது. ஆய்வுக்கூட வேலை கடைக் கணக்கு மாதிரி இரவு பூட்டிவிட்டுக் காலையில் திறக்கிற சமாச்சாரம் அன்று. நம் பெண் வளர்ப்பது மனித உடற்செல்கள். 37 டிகிரி வெப்பத்தில், கரியமில வாயு அளவாகக் கலந்த பெட்டிக்குள், தட்டின் அடியில் ஒட்டிக்கொண்டு அவை பெருகும். மேலே இளஞ்சிவப்பாக ஊட்ட நீர். இரண்டு மூன்று நாளுக்கொரு முறை பழையதை உறிஞ்சி எடுத்துப் புதியது ஊற்ற வேண்டும். ‘மீடியா மாத்தறது’ என்பார்கள். தவறவிட்டால் சிவப்பு மஞ்சளாகும். செல்கள் தட்டைவிட்டுக் கழன்று மிதக்கும். மூன்று வாரம் வளர்த்தது குப்பைத் தொட்டிக்குப் போகும். செல்லுக்கு ஞாயிற்றுக்கிழமை கிடையாது, தீபாவளி கிடையாது, பிள்ளைக்கு ஜுரம் என்றாலும் கிடையாது. பக்கத்து மேசைத் தோழி ஒரு நாள் மாற்றிக் கொடுப்பாள், இரண்டு நாள் கொடுப்பாள். பிரசவத்துக்குப் போன ஆறு மாதமும் கொடுக்க முடியுமா? வளர்ப்பை உறைய வைத்துவிட்டுப் போக வேண்டியதுதான். திரும்பி வந்து எழுப்பினால் சில எழும், சில எழாது.

இதற்குள் அவள் ஆராயும் கேள்விக்கே வேறு நாட்டில் யாராவது விடை வெளியிட்டிருக்கவும் கூடும். கடைக்காரன் ஆறு மாதம் கடையை மூடினால் ஆறு மாத வியாபாரம் போகும். ஆராய்ச்சிக்காரி மூடினால் சில சமயம் கடையே வேறொருவருடையதாகிவிடும்.

அரசு இதைப் பார்க்காமல் இல்லை. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2016-ஆம் ஆண்டு விதிகள் பெண் ஆய்வாளருக்கு மகப்பேறு, குழந்தைப் பராமரிப்புக்காக 240 நாள் வரை விடுப்பு தந்தன. தீசிஸ் முடிக்க இரண்டு வருஷம் கூடுதலாகவும் தந்தன. 2022-ஆம் ஆண்டு விதிகளின்படி எல்லாச் சலுகையும் சேர்த்துப் பத்து வருஷத்துக்குள் முடிக்க வேண்டும். நல்ல விதிகள்தான். ஆனால் அந்த 240 நாள், படிப்புக் காலம் முழுவதற்கும் சேர்த்துத்தான். மத்திய அரசு ஊழியரான பெண்ணுக்கோ பிள்ளைக்கு 18 வயதாகும் வரை எடுத்துக்கொள்ள 730 நாள் பராமரிப்பு விடுப்பு தனியாக உண்டு. அதே கட்டடத்தில் அலுவலகப் பக்கம் வேலை செய்கிறவருக்கு இருப்பதில் மூன்றிலொரு பங்குகூட ஆய்வக மேசையில் நிற்கிறவளுக்குக் கிடையாது, அவள் மாணவி என்பதால்.

விட்டுப் போனவர்களைத் திரும்ப அழைக்கவும் திட்டங்கள் உண்டு. அறிவியல் தொழில்நுட்பத் துறை 2002 வாக்கில் தொடங்கிய பெண் விஞ்ஞானிகள் திட்டம், இடைவெளி விழுந்த 27 முதல் 57 வயது வரையுள்ளவர்களுக்கு ஆராய்ச்சி உதவித்தொகை கொடுத்தது. பின்னாளில் அது கிரண், வைஸ் கிரண் என்று பெயர் மாறி விரிந்தது. கணவருக்கு மாற்றலாகிப் புது ஊருக்குப் போக நேர்ந்த பெண்கள் அங்கே ஆராய்ச்சியைத் தொடர ஒரு பிரிவு. மகளிர் பல்கலைக்கழகங்களுக்குக் கருவிகள் வாங்கித் தரும் க்யூரி திட்டம் 2009-இல் வந்தது. திருப்பதி பத்மாவதி பல்கலைக்கழகமும் அதில் பயன்பெற்றது. இவற்றில் சத்தமில்லாமல் வேலை செய்தது இன்னொரு பிரிவு: அறிவுசார் சொத்துரிமையில் ஒரு வருஷப் பயிற்சி. எம்.எஸ்சி.யோடு வீட்டில் இருந்த பெண்கள் பேடன்ட் விண்ணப்பங்களை வாசிக்கவும் எழுதவும் கற்று, பேடன்ட் ஏஜென்ட் தேர்வு எழுதி, வீட்டு மேசையிலிருந்தே தொழில் நடத்தினார்கள். வேதியியல் படித்த மூளைக்கு அது வேலை கொடுத்தது. ஆய்வுக்கூடத்துக்கு அது ஈடாகுமா என்று கேட்டால், இல்லைதான்.

உதவித்தொகைக்கு இருக்கும் பெரிய குறை, அது முடிந்துவிடும் என்பது. மூன்று வருஷம் கழித்து நிரந்தர வேலைக்கு விண்ணப்பிக்கப் போனால், “வயது கூடிவிட்டதே, நடுவில் இடைவெளி இருக்கிறதே” என்பார்கள். இடைவெளி விழுந்ததால்தானே உதவித்தொகையே கொடுத்தீர்கள் என்று நேர்முகத் தேர்வில் திருப்பிக் கேட்க முடியாது.

எண்கள் இதைப் பச்சையாகக் காட்டுகின்றன. 2021-22 உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி நாட்டில் பி.எச்டி.க்குப் பதிந்திருந்தவர்கள் 2.13 லட்சம் பேர். அதில் பெண்கள் 99 ஆயிரத்தை நெருங்கிவிட்டார்கள். கிட்டத்தட்டப் பாதி. இது எல்லாப் பாடங்களும் சேர்ந்த கணக்கு. ஆனால் 2018-இல் ஆராய்ச்சி, வளர்ச்சிப் பணிகளில் விஞ்ஞானிகளாக இருந்தவர்களில் பெண்கள் 16.6 விழுக்காடுதான். இரண்டு கணக்கெடுப்பும் ஒரே அளவுகோல் அன்று. கழித்துப் பார்த்து இத்தனை பேர் தொலைந்தார்கள் என்று சொல்லிவிட முடியாது. ஆனாலும் வாசல் வரை வந்தவர்களில் பலர் உள்ளே நாற்காலியில் இல்லை என்பதற்கு நுண்கணக்கு தேவையில்லை.

வாசலுக்கும் நாற்காலிக்கும் நடுவே தொட்டில் ஒன்று இருக்கிறது. 2017-இல் மகப்பேறு நலச் சட்டத்தைத் திருத்தி, விடுப்பை 26 வாரமாக்கியபோது, 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்றார்கள். தாய் ஒரு நாளில் நான்கு முறை போய்ப் பிள்ளையைப் பார்த்து வரலாம் என்றும் எழுதினார்கள். நான்கு முறை! சட்டம் எழுதியவர்களில் யாரோ பிள்ளை வளர்த்தவர் இருந்திருக்க வேண்டும்.

நம் புத்தலப்பட்டுப் பெண்ணும் இப்போது தாய் என்று வைத்துக்கொள்வோம். அவளுக்கு அந்த நான்கு முறையால் பயனில்லை. திருப்பதிக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் பேருந்து. நெரிசலில் ஒன்பது மாதக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு தினமும் போய்வர முடியாது. அதனால் பிள்ளை மாமியாரிடம். காலை ஏழு மணிப் பேருந்தில் அவள் பையில் டிஃபன் டப்பா, ஆய்வு நோட்டு, பால் எடுத்து வைக்கும் சின்ன பம்ப். இன்றைக்குச் செல்லுக்கு மீடியா மாற்றும் நாள். மூன்று மணிக்கு முடியும் என்று நினைத்த வேலை, அறையைப் புறஊதா விளக்கில் கிருமிநீக்கம் செய்ய வேண்டியிருந்ததால் தள்ளிப்போகிறது. ஐந்தரைக்குக் கையுறையைக் கழற்றிவிட்டு வராந்தாவுக்கு வந்து போன் போடுகிறாள்.

“அத்தே, ஆறே முக்கால் பஸ்ஸுதான் பிடிக்க முடியும். பாப்பா அழறாளா?”

“அழலம்மா. மாமா தூக்கி வச்சிருக்காரு. வாசல்ல நின்னு லாரி காட்டிக்கிட்டிருக்காரு.”

“ஃப்ரிட்ஜ்ல ரெண்டாவது தட்டுல பால் வச்சிருக்கேன். காய்ச்ச வேணாம் அத்தே, சுடுதண்ணியில வச்சாப் போதும்.”

“தெரியுமே. நேத்தும் சொன்னியே.”

வேலை இன்னும் மிச்சம் இருக்கிறது. ஆறு தட்டு.